நீவாட்டு மாமனுக்கு வரவேண்டிய வார்த்தை

அந்தக் காலத்தில், கடலுக்குள் இருந்ததெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, நீவாட்டு மாமனை முதன்முதலில் அவமானப்படுத்தியவள் அவருடைய சொந்த மருமகள் முருகாயிதான். பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போக வேண்டும். கொடுக்கன் நண்டு செய்தான், தேக்கநாதன் செய்தான் என்று பின்னால் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர்கள் செய்ததும் இல்லாமல் இல்லை. ஆனால் முதலில் செய்தவள் முருகாயி. மறக்கிறவர்கள் மறந்துவிட்டுப் போகட்டும். மாமன் மறக்கவில்லை.

கடலுக்குள் ஓடுகிற ஓட்டத்தைத்தான் கரைக்காரர்கள் நீவாடு என்கிறார்கள். அந்த நீவாடுதான் மாமன். அவருக்கு ஒரே ஒரு அக்கா. இரண்டு பேரும் கடலம்மா பெற்ற பிள்ளைகள். பெற்றவள் கொடுத்த காலெல்லாம் தம்பிக்கே போய்விட்டது. அக்காவுக்குக் கால் இல்லை. அவள் முருகை, அதாவது பவளம். பார் என்று சொல்கிற கடலடிப் பாறைமேட்டில் உட்கார்ந்தாள் என்றால் உட்கார்ந்ததுதான். தம்பிக்கோ ஓரிடத்தில் நிற்கவே வராது. அக்கா நகராதவள், தம்பி நிற்காதவன். ஆனாலும் பாசத்துக்குக் குறைவில்லை.

ஒரு பொல்லாத கோடையில் சூடு தாங்காமல் அக்கா வெளுத்தாள். முதலில் விரல் நுனி, பிறகு கை, பிறகு உடம்பு முழுவதும். தம்பியைக் கூப்பிட்டு, "என் மகளுக்கும் காலில்லைடா. உன் காலை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். அவ வாயைக் காயப் போட்டுராத" என்றாள். அப்படியே கல்லாகிப் போனாள். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்த சின்ன முளைதான் முருகாயி.

அப்பன் யார் என்று அக்கா சொல்லவில்லை. மாமனும் கேட்டுக்கொள்ளவில்லை. தன்னிடம் விட்டுப் போனாளே, அதுவே பெரிது என்று நினைத்தார். கடல் எவ்வளவு பெரியது! அதில் அவருக்கென்று ஒரு குடிசை உண்டா, ஒரு வாசல் உண்டா? ஓடிக்கொண்டே இருக்கிறவனை யார் எதிர்பார்க்கப் போகிறார்கள்? முருகாயி எதிர்பார்த்தாள்.

முருகாயிக்கு ஒரு வாய் இல்லை, உடம்பெல்லாம் வாய். கடுகளவு வாய்கள், எண்ணி முடியாது. மாமன் தூரத்தில் வரும்போதே எல்லா வாயும் ஒன்றாகத் திறக்கும்.

"வாங்க மாமா!"

அந்த ஒரு வார்த்தைக்காக மாமன் எந்தக் கோடியிலிருந்தும் வருவார். வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர்களை வாரிக்கொண்டு வந்து ஒவ்வொரு வாயிலும் ஊட்டுவார். ஆழத்திலிருந்து குளிர்ச்சியைக் கொண்டுவந்து அவள் மேல் ஊற்றுவார். மூச்சுக்குப் புதுத் தண்ணீர். மேலே படிந்த மண்ணைத் துடைப்பார். அவள் கழித்ததைக் கொண்டுபோய்த் தூரத்தில் கொட்டுவார். வாசல் பெருக்குவதும் அவர்தான், சோறு போடுவதும் அவர்தான். போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. ஒரு நாள் தவறினதில்லை.

அப்படி வளர்த்த பிள்ளை கிளை கிளையாகப் பரந்து ஒரு வீடாகிவிட்டாள். அந்த வீட்டில் நிறையப் பேர் குடியிருந்தார்கள். அடிக்கிளையில் கொடுக்கன் என்ற நண்டு. யார் வீட்டு விசேஷம் என்றாலும் தானே போய் முன்னால் நின்றுகொண்டு, "அதை இங்க வை, இதை அங்க வை" என்று கையைத் தூக்கிக்கொண்டு ஆடுவான். மேல் கிளையில் சிமிட்டி. விரல் நீளம்கூட இல்லாத நீல மீன். திரும்பினால் மின்னும், அதனால் அந்தப் பெயர். புருஷனும் பிள்ளைகளுமாகக் கிளைகளுக்கு நடுவே ஒண்டியிருந்தாள். அவளை யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. மாமனும் எடுத்துக்கொண்டதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முருகாயியின் தோலுக்குள்ளேயும் குடியிருந்தவர்கள் உண்டு. பொடிப்பொடியான பாசிகள். வெயிலை வாங்கி உள்ளேயே சமைத்து அவளுக்குப் பாதிச் சோறு போட்டவர்கள் அவர்கள்தான். அந்தச் சமையல்காரர்களின் நிறம்தான் முருகாயியின் நிறம். தேனும் பச்சையும் கலந்த மாநிறம்.

அந்த நிறத்தில்தான் வம்பு வந்தது.

தீவுக்கும் பாருக்கும் நடுவில் ஆழமில்லாத ஒரு பள்ளம். அதில் தேக்கநாதன் குடியிருந்தான். அவனும் தண்ணீர்தான். ஆனால் அசையமாட்டான். சலசலப்பு கிடையாது, நுரை கிடையாது. மேலெல்லாம் கண்ணாடி. பேச்சும் அப்படித்தான், காதில் எண்ணெய் விட்டது போல இருக்கும்.

ஒரு காற்றில்லாத பகலில், மாமன் தெற்கே போயிருந்த நேரம், அவன் மெதுவாகப் பாரின் ஓரம் வரைக்கும் படர்ந்து வந்தான். முருகாயி நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே தண்ணீரின் அடிப்புறத்தில் ஒரு முகம் தெரிந்தது. அவள் முகம். பிறந்ததிலிருந்து அவள் அதைப் பார்த்ததில்லை. மாமன் இருக்கும்போது தண்ணீர் ஆடிக்கொண்டே இருக்கும், எதில் பார்ப்பது?

"அது நானா?" என்றாள்.

"நீதான்" என்றான் தேக்கநாதன். "அழகுதான். நிறம்தான் கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"சொன்னா மனசு கஷ்டப்படுவே."

"சொல்லுங்க."

"மாநிறமா இருக்கே. நீ இப்படிப் பிறந்தவ இல்லை. உங்க மாமன் வர்றப்பல்லாம் மண்ணைக் கிளப்பிவிட்டு, உலுக்கி எடுத்துட்டுப் போறாரு. ஒரு இடத்துல ஆடாம அசையாம இருந்து பாரு. எப்படி வெளுக்கிறேன்னு தெரியும்."

முருகாயி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை மாமன் வந்தபோது "வாங்க மாமா" என்ற சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. பாதி வாய்தான் சொன்னது. மாமன் கவனித்தார். பிள்ளை களைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அன்று கூடுதலாக ஊட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் ஒரு பௌர்ணமி கழிந்து முருகாயி பூத்தாள். முருகை பூப்பதைப் பார்த்தவர்கள் சொல்வார்கள், இளஞ்சிவப்பு மணிகள் கிளைக்குக் கிளை துளிர்த்து நிற்கும். பார் முழுக்கச் செய்தி பரவியது. சடங்கு வைக்க வேண்டும். சடங்கு என்றால் தாய்மாமன் சீர். பெண்ணை உட்கார வைக்கத் தாய்மாமன் கையால் தழைக் குடிசை, அதாவது குச்சு, கட்ட வேண்டும், முதல் மாலை தாய்மாமன் போட வேண்டும். கரையில் என்ன வழக்கமோ கடலிலும் அதுதான்.

மாமனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எப்போதுதான் பாவியது என்று கேட்காதீர்கள். ஆழத்துக்குப் போய் இருப்பதிலேயே குளிர்ந்த தண்ணீரை எடுத்தார். தெற்கே எங்கோ மட்டும் கிடைக்கிற கொழுத்த தீனியைச் சேர்த்தார். பச்சைப் பாசித் தழையைக் கத்தை கத்தையாகச் சுருட்டிக்கொண்டார், குச்சு கட்டுவதற்கு. செம்பாசியில் ஒரு மாலை. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "மருமகளுக்குச் சடங்கு, எங்க அக்கா இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கலை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லும்போது சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பாரின் வாசலுக்கு வந்தவர் நின்றார்.

வாசலைக் காணவில்லை. பாருக்குள் நுழைகிற இடைவெளியில் உடைந்த கல்லும் மணலும் குவித்துச் சுவர் எழுப்பியிருந்தது. சுவரின் மேல் கொடுக்கன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

"பெரியவரே, கோவிச்சுக்கக் கூடாது" என்றான். "உள்ள விசேஷம் நடக்குது. நீங்க நுழைஞ்சா பந்தல் ஆடும். வந்தவங்க மேலெல்லாம் மண்ணு படும். கொஞ்சம் வெளிய நில்லுங்க, முடிஞ்சதும் சொல்லி அனுப்புறோம்."

"யாரு வீட்டு விசேஷம்டா?"

"முருகாயி வீட்டு விசேஷம்."

"நான் யாருடா?"

"அது தெரியாமலா? மாமன். அதான் மரியாதையா வெளிய நிக்கச் சொல்றேன். வேற ஆளா இருந்தா இப்படிப் பேசமாட்டேன்."

மாமன் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். உள்ளே முருகாயி மணிகள் பூத்து உட்கார்ந்திருந்தாள். தேக்கநாதன் அவளைச் சுற்றிக் கண்ணாடி போலப் படுத்திருந்தான். அவள் கழுத்தில் ஏற்கனவே ஒரு மாலை இருந்தது. மாமன் போட வேண்டிய முதல் மாலையை அவன் போட்டுவிட்டான்.

மாலை போனது போகட்டும் என்று மாமன் நினைத்தார். அந்த நேரத்திலும் அவர் அப்படித்தான் நினைத்தார். அவள் கண் தன் பக்கம் திரும்பியதா என்று பார்த்தார். திரும்பியது. மாமனைப் பார்த்தாள். வாயெல்லாம் மூடியிருந்தது. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"வாங்க" என்று சொல்லவில்லை.

எதிரி வந்தாலும் வாசலில் வைத்து "வாங்க" என்று சொல்கிற ஊர் இது. ஊட்டி வளர்த்த மாமன் சீரோடு நிற்கிறார், அவருக்கு அந்த வார்த்தை இல்லை.

மாமன் தழையை அங்கேயே போட்டார். தீனியைப் போட்டார். மாலையை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு, "அவ வாயால வாங்கன்னு சொல்லாம இந்த வாசலை மிதிக்கமாட்டேன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

உள்ளே விசேஷம் நன்றாக நடந்தது. ஆட்டம் இல்லை, அசைவு இல்லை. முருகாயி தேக்கநாதனில் முகம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கதகதப்பாக இருந்தது. சுகமாகக்கூட இருந்தது. சடங்குப் பூ உதிர்ந்ததும் அந்த மணிகளைத் தூக்கிக்கொண்டுபோய் ஊர் ஊராக விதைக்க மாமன் இல்லை. அவை அவள் மேலேயே விழுந்து ஊறின. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கதகதப்பு சூடாக மாறியது. தேக்கநாதன் வாங்கிய வெயிலை வைத்துக்கொள்ளத்தான் தெரிந்தவன். எங்கேயும் கொண்டுபோய்க் கொட்டத் தெரியாது. புதுச் சோறு வரவில்லை. பழைய மூச்சையே திரும்பத் திரும்ப மூச்சுவிட வேண்டியிருந்தது. மேலே மெல்லிய மண் படிந்தது. துடைக்க ஆளில்லை. தோலுக்குள் இருந்த சமையல்காரப் பாசிகள் சூடு தாங்காமல் ஒவ்வொருவராக மூட்டை கட்டின.

முருகாயி வெளுக்க ஆரம்பித்தாள்.

இங்கேதான் ஊரே தப்புச் செய்தது. பிள்ளை வெளுக்கிறாளே, உடம்புக்கு என்ன என்று ஒருவர் கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் மூக்கில் விரல் வைத்தார்கள்.

"அடியாத்தீ, என்ன நிறம்! என்ன நிறம்!"

"மாமன் கூட இருந்தவரைக்கும் கறுத்துக் கிடந்தா. இப்பப் பாரு, பாலைக் கொட்டினாப்ல."

"தேக்கநாதன் ராசி."

"எம் மகளையும் இங்க கொண்டாந்து கொஞ்ச நாள் உட்கார வைக்கணும்."

கொடுக்கன், வருகிறவர்களை வரிசையில் நிறுத்தி உள்ளே விட்டான். முருகாயிக்கும் பெருமை. பசித்தது. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் பால் மாதிரி இருந்தாள். பசியை யாரிடமும் சொல்லவில்லை.

சிமிட்டிதான் கண்டுபிடித்தாள். அவள் மேல் கிளையில் குடியிருந்தவள். வாசல்கிளையில் கை வைத்தால் முன்பெல்லாம் வழவழவென்று இருக்கும், இப்போது சொரசொரவென்று இருந்தது. முருகாயியின் வாய்கள் திறந்து திறந்து மூடுவதை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

"உனக்கு மூச்சு முட்டுதா?" என்று கேட்டாள்.

"இல்லையே" என்றாள் முருகாயி. கொஞ்சம் கழித்து, "லேசா" என்றாள்.

சிமிட்டி கிளைக்கு நடுவில் நின்றுகொண்டு துடுப்பால் விசிற ஆரம்பித்தாள். விரல் நீள மீனின் துடுப்பு எவ்வளவு பெரியது? வேப்பிலையில் பாதி. ஆனாலும் விசிறினாள். தண்ணீர் கொஞ்சம் அசைந்தது. முருகாயி ஒரு மூச்சு இழுத்தாள். சிமிட்டி புருஷனையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு ஆளுக்கொரு கிளையில் நிறுத்தினாள். பகலெல்லாம் விசிறினார்கள். தூங்கும்போதும் விசிறினார்கள். விசிறிக்கொண்டே தூங்கப் பழகிக்கொண்டார்கள்.

"ஏ சிமிட்டி, என்னா ஆட்டம்? முகம் கலங்குதுல்ல!" என்று தேக்கநாதன் எரிந்து விழுந்தான்.

"நீ உன் சோலியைப் பாரு" என்றாள் சிமிட்டி. "உனக்குத்தான் ஒரு சோலியும் கிடையாதே. சும்மாவே கிட."

இதெல்லாம் மாமனுக்குத் தெரியாது. அவர் ஆழத்தில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். செம்பாசி மாலை கையிலேயே வாடிக் கிடந்தது. கோபம் இருக்கிறவனுக்குச் சோறு இறங்காது. ஊட்ட ஆள் இல்லாதவனுக்குக் கை கனக்கும். கொண்டுபோன தீனியெல்லாம் யாருக்கும் கொடுக்கத் தோன்றாமல் எங்கெங்கோ கொட்டினார்.

அப்போது எதிரே ஓர் ஆமை வந்தது. பாரில் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்த ஆமை.

"என்ன நீவாட்டு மாமா, இங்க சுத்திக்கிட்டு இருக்கீங்க? மருமகளைப் பார்க்கலையா? ஆளே மாறிட்டா."

"யாரு மருமக? எனக்கு மருமக கிடையாது" என்றார் மாமன். ஆனால் நகரவில்லை.

"சும்மா இருங்க. இப்ப என்ன நிறம் தெரியுமா? வெள்ளைவெளேர்னு. விரல் நுனியில ஆரம்பிச்சு இப்ப உடம்பு முழுக்க. ஊரே கண்ணு போடுது."

மாமன் கையிலிருந்த மாலை நழுவியது.

"விரல் நுனியில ஆரம்பிச்சுதா?"

"ஆமா."

"அப்புறம் கையா?"

"ஆமா. அட, போய்ப் பார்த்தீங்களா?"

பார்த்திருந்தார். அக்காவிடம் பார்த்திருந்தார்.

அப்புறம் அவர் வந்த வேகத்தை ஆமை பிற்பாடு தன் சாதிசனத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் பாரின் சுவர் வரைக்கும் வந்தவருக்குக் கால் நின்றுவிட்டது. சொன்ன சொல் குறுக்கே நின்றது. எல்லாரும் கேட்கச் சொல்லியிருக்கிறார். அவள் "வாங்க" என்று சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை. உச்சி வெயில், சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

இல்லை, ஒரு சத்தம் இருந்தது. கல்லுக்கு நடுவில் ஒரு விரிசல். அதன் வழியாக மெல்லிசாக ஏதோ அசைகிற சத்தம். மாமன் கண்ணை வைத்துப் பார்த்தார். முருகாயி வெள்ளையாக இருந்தாள். அக்கா கடைசியில் இருந்த அதே வெள்ளை. ஆனால் உள்கிளையில், கை அகலத்துக்கு, பழைய மாநிறம் மிச்சமிருந்தது. சுற்றிலும் சின்ன மீன்கள் ஓய்ந்து சாய்ந்திருக்க, அந்த இடத்தில் ஒரு நீல மீன் கண் செருகி, துடுப்பு கிழிந்து, விசிறிக்கொண்டிருந்தது.

"யாரது?" என்றார்.

"சிமிட்டி" என்றது மீன், நிறுத்தாமல். "மேல் கிளையில குடியிருக்கேன்."

"என்ன செய்றே?"

"நீங்க செய்ற வேலையை."

மாமன் "அவ என்னை வாங்கன்னு சொல்லலை" என்றார்.

"நான் சொல்றேன். வாங்கய்யா."

"நீ சொன்னாச் செல்லாது. நீ குடியிருக்கிறவ. வீட்டுக்காரி சொல்லணும்."

சிமிட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. விசிறிக்கொண்டே கத்தினாள். "எனக்கு யாருய்யா வாங்கன்னு சொன்னா? நானா வந்தேன். நானா ஒண்டினேன். இப்ப நானா விசிறிக்கிட்டு நிக்கிறேன். எனக்கு ஒரு மாலை கிடையாது, மரியாதை கிடையாது, இவ என்ன உறவுன்னு கேட்டா அதுவும் கிடையாது. தாய்மாமன் நீங்க. சுவருக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, அவ சொன்னாளா சொல்லலையான்னு பார்த்துக்கிட்டு இருக்கீங்க! அவ சொல்றதுக்கு மொதல்ல மூச்சு வேணாமா?"

அவ்வளவு பேசியதில் அவளுக்கே மூச்சு அடைத்தது. துடுப்பு நின்றது. கிளையில் சாய்ந்தாள். அந்தக் கை அகல மாநிறம் மாமன் கண்ணெதிரே மங்கத் தொடங்கியது.

மாமன் சொன்ன சொல்லைச் சுவருக்கு வெளியே விட்டுவிட்டு, யாரும் கூப்பிடாமல் உள்ளே நுழைந்தார்.

சுவர் இருந்த இடம் தெரியவில்லை. கல் எங்கேயோ, மணல் எங்கேயோ. அன்று அவர் உடைத்த வழியாகத்தான் இன்றைக்கும் பாருக்குள் வள்ளங்கள் போய்வருகின்றன. தேக்கநாதனை அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார், அவ்வளவுதான். கடைசியில் அவனும் தண்ணீர்தானே! ஓட ஆரம்பித்ததும் தேக்கநாதன் என்று ஒருவன் இல்லாமலே போனான்.

மாமன் சூட்டை அள்ளிக்கொண்டுபோய் ஆழத்தில் கொட்டினார். குளிர்ச்சியைக் கொண்டுவந்து ஊற்றினார். மண்ணைத் துடைத்தார். ஒவ்வொரு வாயாகத் திறந்து மூச்சு ஊதினார். "அக்கா, அக்கா" என்று சொல்லிக்கொண்டேதான் செய்தார். பிள்ளையின் பெயர் வாயில் வரவில்லை, கோபம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் கை நிற்கவில்லை.

சிமிட்டி காத்த உள்கிளையில் மிச்சமிருந்த சமையல்காரப் பாசிகள் கொஞ்சம் கொஞ்சமாக மற்ற கிளைகளுக்கும் குடியேறின. மூட்டை கட்டிப் போனவர்களில் சிலரும் திரும்பி வந்தார்கள். தேன் நிறம் வந்தது. பச்சை வந்தது. பார்க்க வந்தவர்கள், "ஐயோ, கறுத்துட்டாளே" என்றார்கள். அவர்களை மாமன் ஒரே தள்ளாகத் தள்ளிக் கரையில் கொண்டுபோய் விட்டார்.

கொடுக்கன் ஓடிவந்து காலில் விழுந்தான். "நான் அப்பவே சொன்னேன் மாமா, மாமனைக் கூப்பிடணும்னு. யாரு கேட்டா?" நண்டு என்றால் நேராக நடந்தால்தானே நேராகப் பேசும். மாமன் அவனை விட்டுவிட்டார்.

பிறகு சிமிட்டியைத் தேடிப் போனார். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மாமன் அவள் முன்னால் நின்றார். கடலில் எவ்வளவோ பெரிய மீனெல்லாம் வழிவிட்டு ஒதுங்குகிற நீவாடு, விரல் நீள மீனுக்கு முன்னால் கை கட்டி நின்றது.

"ஆத்தா, எங்க அக்கா என்கிட்ட விட்டுட்டுப் போன பிள்ளையை நீ காப்பாத்தி வச்சிருந்தே. நான் கோவத்துல கிடந்தப்ப என் வேலையை நீ பார்த்தே. உனக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் வேணாம்யா. துடுப்புதான் இப்ப நிக்கமாட்டேங்குது. படுத்தாலும் ஆடிக்கிட்டே இருக்கு."

"ஆடட்டும். அது நல்ல ஆட்டம். இனிமே நான் எந்தக் கோடியிலிருந்து என்ன கொண்டுவந்தாலும் முதல் கை உனக்கு. உன் வம்சத்துக்கு. அதுக்கப்புறம்தான் வீட்டுக்காரிக்கு."

"வீட்டுக்காரி கோவிச்சுக்குவா."

"கோவிக்கட்டும். அவளுக்கும் பழகட்டும்."

சிமிட்டி சிரித்தாள். மாமனும் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இவ்வளவு சின்ன உயிருக்குள் இவ்வளவு பெரிய மனசை வைத்த கடலம்மாவை நினைத்துக்கொண்டார். தனக்குப் போக ஒரு வாசலும், ஊட்ட ஒரு வாயும், தான் இல்லாதபோது விசிற ஒரு துடுப்பும் இருக்கிறதே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நன்றியை அவர் எந்த நாளும் குறைத்துக்கொண்டதில்லை.

ஆனால் முருகாயியின் கணக்கு அப்படியே இருந்தது.

தெளிந்ததும் அவள் மாமனைப் பார்த்தாள். வாயெல்லாம் திறந்தது. மாமன் காதைக் கொடுத்துக்கொண்டு நெருங்கினார். நெருங்கியதும் அவர் கொண்டுவந்த தீனி அந்த வாய்களில் விழுந்தது. வாய்கள் மூடின. சாப்பிட்டாள்.

மறு தடவையும் அதே கதை. திறக்கிறாள், மாமன் வருகிறார், தீனி விழுகிறது, மூடிக்கொள்கிறாள்.

மாமன் சிமிட்டியிடம் குறைப்பட்டார். "பார்த்தியா? இப்பவும் சொல்லலை. திங்க மட்டும் வாயைத் திறக்கிறா."

"சொல்லத்தான்யா வாயெடுக்கிறா. வெட்கத்துல தாமசமாகுது. அதுக்குள்ள நீங்க கொண்டுவந்தது வாயை அடைச்சிருது. அவ வாய் காலியா இருந்தாத்தானே வார்த்தை வரும்? கொஞ்சம் நின்னு பாருங்களேன்."

மாமன் யோசித்தார். நிற்பது அவருக்குத் தெரியாத வேலை. ஆனாலும் போகிற ஓட்டம் முடிந்து திரும்புகிற ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால், பாரின் வாசலில், ஊட்டாமல், துடைக்காமல், அசையாமல் நின்றார். கடல் அடங்கியது. முருகாயியின் வாய்களெல்லாம் திறந்தன. காலியாக இருந்தன. முதல் எழுத்து வருவது போல ஓர் அசைவுகூடத் தெரிந்தது.

மாமன் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். ஆனால் அவள் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டே நின்றார் அவர். நின்றால் சூடு ஏறும். சூடு ஏறினால் நுனி வெளுக்கும். வார்த்தையை வாங்கிக்கொண்டு பிள்ளையை விட்டுவிட முடியுமா? நடந்துவிட்டார்.

அன்று முதல்தான், நீவாடு ஒரு பக்கம் ஓடி முடித்து மறுபக்கம் திரும்பும்போதெல்லாம் நடுவில் கொஞ்ச நேரம் பாரின் மேல் அசையாமல் நிற்கிறது. வள்ளத்தில் இருப்பவர்கள் "நீவாடு நிக்குது" என்று சொல்லிக்கொண்டு வலையைச் சரி செய்கிறார்கள். எதற்காக நிற்கிறது என்று கேட்பதில்லை. அன்று முதல்தான் முருகைக் கிளைக்குள் குடியிருக்கிற நீல மீன்கள், ஓட்டம் வரும் பக்கமாகப் பார்த்து நின்று முதல் தீனியை வாங்கிக்கொள்கின்றன. தூங்கும்போதும் துடுப்பை நிறுத்துவதில்லை. அன்று முதல்தான் எல்லாருக்கும் தெரியும், ஓட்டம் உள்ள இடத்தில் முருகை நிறத்தோடு இருக்கிறது, தேங்கின இடத்தில் வெளுத்துக் கல்லாகிறது.

மாமன் இன்றைக்கும் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை அந்த வாசலில் நின்று பார்க்கிறார். எண்ணி முடியாத வாய்கள் திறக்கின்றன. அவர் காதைக் கொடுக்கிறார். பிறகு அவள் விரல் நுனியைப் பார்க்கிறார். நடக்கிறார்.

"வாங்க" இன்னும் வரவில்லை.